இயந்திரத்தின் தலைமுறையும் மனிதனின் தலைமுறையும்

ஹற்றனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டப்புறப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிப்பவன் நான். எமது பாடசாலைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் பழைய மாணவர் ஒருவர் மடிக்கணினி ஒன்றைக் கொடுத்துதவினார். அது மிக மெல்லியது, பார்வைக்கு அழகியது, ஆனால் வயதானது. மின்கலம் வீங்கிவிட்டமையால் அதனைக் கழற்றி எறிந்துவிட்டோம். சுவரிலுள்ள மின்செருகியோடு பிணைத்தாலன்றி அதற்கு உயிரில்லை. அதனை இயக்கிவிட்டு, அது விழித்தெழுவதற்குள் வரவுப் பதிவை முடித்துவிடலாம்.

ஒருநாள் அது விழித்தெழக் காத்திருந்த வேளையில் மாணவனொருவன் கேட்டான்: "சேர், இது எத்தனையாவது தலைமுறை?" கணினிகளைத் தலைமுறையால் எண்ணும் வழக்கத்தை அவன் விளம்பரங்களிலிருந்து அறிந்திருந்தான். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அப்பொழுது பின்வரிசையிலிருந்த மாணவியொருத்தி, கொழுந்தெடுக்கும் தாயின் மகள், வேறொரு வினாவை எழுப்பினாள்: "அப்படின்னா நாங்க எத்தனையாவது தலைமுறை சேர்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவ்வினா பாடவேளை முடிந்த பின்னரும் என்னை விட்டகலவில்லை. இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் ஒரே சொல்லை வழங்குகின்றோம். இயந்திரத்தின் அடுத்த தலைமுறை முன்னையதிலும் சிறந்ததாக இருக்குமென்பதை எவரும் ஐயுறுவதில்லை. மனிதனின் அடுத்த தலைமுறையைப் பற்றியோ, 'அதுவாவது நன்றாக இருக்கட்டும்' என்று பெருமூச்சு விடுகின்றோம். இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? காலம் செல்லச் செல்ல யாவும் தாமாகவே திருந்துமென்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை மெய்தானா? அம் மெல்லிய கணினியின் வரலாற்றையே எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

மடிக்கணினியை மெலியச் செய்யவேண்டுமென்ற ஆசை புதியதன்று. 1998ஆம் ஆண்டளவில் ஜப்பானின் மிற்சுபிசி நிறுவனம் 'பெடியன்' என்ற பெயரில் ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள கணினியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை ஏறத்தாழ ஆறாயிரம் அமெரிக்க டொலர். பொறிகளிற் கோளாறு மிகுந்தமையால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் சொனி நிறுவனத்தின் 'எக்ஸ் 505' வந்தது. அதன் மிக மெல்லிய ஓரம் பத்து மில்லிமீற்றருக்கும் குறைவானது. அதுவும் செல்வர் சிலருடைய கைப்பொருளாகவே முடிந்தது. 2008 ஜனவரி 15ஆம் திகதி அப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ், அலுவலகங்களில் வழங்கும் காகித உறையொன்றிலிருந்து 'மக்புக் எயார்' என்ற கணினியை மேடையில் உருவி எடுத்துக் காட்டினார். உலகம் கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்த பின்னர் வாங்கியவர்கள் கண்டது என்ன? அதன் விலை 1,799 டொலர். எடை 1.36 கிலோகிராம். இந்த மெலிவுக்காக எத்தனையோ கைவிடப்பட்டிருந்தன. குறுந்தட்டு இயக்கி இல்லை, கம்பிவழி வலையமைப்பிற் பிணைக்கும் வாயில் இல்லை, யூ.எஸ்.பி. வாயிலோ ஒன்றே ஒன்று. நினைவகம் 2 ஜிகாபைற்று. அது தாய்ப்பலகையோடு ஈயத்தாற் பொருத்தப்பட்டிருந்தமையாற் கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. தரவுகளைச் சேமிக்கும் வட்டு, பாட்டுக் கேட்கும் சிறு பெட்டிகளிலும் வழங்கியது, 1.8 அங்குல அளவினது. நிமிடத்துக்கு 4,200 முறை மாத்திரமே சுழல்வது. வட்டுச் சுழன்று, அதன்மேல் நகரும் முனை உரிய இடத்தை அடைந்த பின்னரே ஓரெழுத்தையேனும் படிக்க முடியும். வட்டு மெதுவாகச் சுழன்றால் கணினி முழுவதும் மெதுவாகவே நடக்கும். வெப்பம் மிகும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. நிகழ்படம் பார்க்கையில் தடுமாறுகின்றதென்று வாங்கியோர் முறையிட்டனர். சுழலும் வட்டுக்குப் பதிலாக அசையும் உறுப்பு எதுவுமில்லாத திண்மச் சேமிப்பகம் வேண்டுமென்றால் மேலும் ஓராயிரம் டொலரளவு கொடுக்கவேண்டியிருந்தது.

இனித் திருத்தங்களைப் பாருங்கள். அதே ஆண்டு ஒக்ரோபரிலே படவேலைக்குரிய உறுப்பு மாற்றப்பட்டது, சேமிப்பகமும் பெருகியது. 2009இல் விலை இறங்கியது. 2010 ஒக்ரோபரில் முழுமையான மறுவடிவம் வந்தது. சுழலும் வட்டு அடியோடு அகற்றப்பட்டது. திண்மச் சேமிப்பகம் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானது. அதுவும் பெட்டியில் அடைக்கப்படாமல் சிறு பலகைத் துண்டாக வைக்கப்பட்டமையால், மிஞ்சிய இடமெல்லாம் மின்கலத்துக்குக் கிடைத்தது. யூ.எஸ்.பி. வாயில் இரண்டாயிற்று. சிறிய கணினியின் விலை 999 டொலராக இறங்கியது. 2011இல் வேகமான செயலி வந்தது. அவ்வாண்டிலேயே இன்டெல் நிறுவனம் 'அல்ட்ராபுக்' என்றொரு வகையை அறிவித்தது. தடிப்பு ஏறத்தாழ 20 மில்லிமீற்றருக்கு உட்படவும் விலை ஆயிரம் டொலரை அணுகவும் வேண்டுமென்று மற்றைய கொம்பனிகளையும் அவ்வழியிலே செலுத்தியது. 2013இல், முன்பு ஏழு மணித்தியாலம் உழைத்த பதின்மூன்று அங்குலக் கணினி, மின்சக்தியைச் சிக்கனமாகச் செலவிடும் புதிய செயலியால், பன்னிரண்டு மணித்தியாலம் உழைக்குமளவுக்கு உயர்ந்தது. 2020இல் வந்ததற்குக் காற்றாடியே தேவைப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில், குறையென்று சொல்லப்பட்டவற்றுட் பெரும்பாலானவை நீங்கிவிட்டன.

இதனைக் 'காலத்தின் கோலம்' என்று சொல்லி அமையலாமா? இல்லை. காலம் எதனையும் திருத்துவதில்லை. தேரையுங் கோபுரத்தையும் பாழாக்குவதுங் காலந்தான். இத்திருத்தங்களுக்குப் பின்னால் மூன்று காரணங்கள் நின்றன. முதலாவது, குறை சொல்லப்பட்டது. பத்திரிகைகளில் எழுதுவோர் அதனை நிறுத்தும் அளந்தும் வரிசைப்படுத்தினர். இரண்டாவது, அந்தக் குறை இயந்திரத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டது. கணினி சூடேறியபோது 'உமக்குக் கணினியைக் கையாளும் பழக்கமில்லை' என்று வாங்கியவனை எவரும் இகழவில்லை. மூன்றாவது, குறை சொன்னவனுக்கு மறுக்கும் வலிமை இருந்தது. அவன் வாங்காது விட்டால் நட்டம் விற்பவனுக்கு. போட்டி முதலாளியத்தில் உற்பத்திச் சக்திகள் ஓயாது புதுப்பிக்கப்படுகின்றன என்று மார்க்சும் ஏங்கெல்சும் வியப்போடு எழுதியது இதனையே. அந்த வியப்பை நாம் மறைக்க வேண்டியதில்லை. நாம் கேட்கவேண்டியது ஒன்றே: எவனுடைய முறைப்பாட்டால் அது புதுப்பிக்கப்படுகின்றது?

இவ்வினாவுக்கு அந்தக் கணினியினுள்ளேயே விடை இருக்கின்றது. 2008இல் தாய்ப்பலகையோடு பொருத்தப்பட்ட நினைவகம் பின்வந்த தலைமுறைகளிலும் பொருத்தப்பட்டே வந்தது. 2018ஆம் ஆண்டுத் தலைமுறையிலிருந்து சேமிப்பகமும் அவ்வாறே ஆயிற்று. வேகமும் விலையும் வெப்பமும் திருந்தின. பழுதுபார்க்கும் வசதி மாத்திரம் தேய்ந்தது. ஏன்? புதிதாக வாங்குபவன் வேகத்தைப் பற்றி முறையிடுவான். பழுதுபார்ப்பைப் பற்றி முறையிடுபவனோ மூன்றாங் கையாக அதனைப் பெறும் ஏழை. அவன் கடையிற் பணம் கொடுக்காதவன். அவனது முறைப்பாடு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எமது பாடசாலைக் கணினியை ஹற்றன் நகரிலுள்ள சிறு கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். அக்கடைக்காரர் அதனைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மெமரி கூட்ட ஏலாது சேர். போர்ட்டோட சேத்தே ஒட்டிப்புட்டான்" என்றார். எவர் 'ஒட்டினார்' என்பது அவருக்குந் தெரியாது, எனக்குந் தெரியாது. எங்களைப் போன்றோர் அதனை ஒருநாள் திறப்போமென்று ஒட்டியவர் நினைத்திருக்கமாட்டார் என்பது மாத்திரம் தெரிந்தது.

ஆயினும் இதுவும் விதியன்று. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்கலங்கள் பற்றிய சட்டமொன்றை இயற்றியது. கையிற் கொண்டுசெல்லுஞ் சாதனங்களின் மின்கலத்தைப் பாவனையாளரே கழற்றி மாற்றக் கூடியதாக அமைத்தல் வேண்டுமென்பது அதிலடங்கும் விதிகளுள் ஒன்று. அது 2027 பெப்ரவரியிலிருந்து செயற்படவேண்டுமென்று வகுக்கப்பட்டது. ஏழையின் முறைப்பாடு சந்தையில் ஏறாவிடினும் சட்டத்தில் ஏறலாம். ஆனால் அதற்குத் திரண்ட குரல் வேண்டும்.

இனி இந்த அளவுகோலை எமது மலைகளுக்குக் கொண்டுவருவோம். கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலையொன்று இன்று தேயிலை நூதனசாலையாக இருக்கின்றது. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வது எங்கள் பாடசாலையின் வழக்கம். இயந்திரங்களின் தலைமுறைகளை அங்கே கண்ணாற் காணலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, வாடிய கொழுந்தை மேசைமேலிட்டுக் கையாலேதான் சுருட்டினார்கள். விரைவிலேயே டெய்லர் தாமே ஒரு சுருட்டும் பொறியைச் செய்துகொண்டார். பின்னர் வில்லியம் ஜாக்சனின் சுருட்டும் இயந்திரங்கள் வந்தன. ஒவ்வொரு பதின்மத்திலும் அவை மாற்றியமைக்கப்பட்டன. கரியடுப்பில் வறுத்த கொழுந்தைக் காயவைக்கப் பெல்பாஸ்ற் நகரத்து டேவிட்சனின் 'சிரோக்கோ' உலர்த்தி வந்தது. மனித முதுகு சுமந்த வேலையை நீராவியும் பின்னர் மின்சாரமும் ஏற்றன. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்றழைக்கும் தொழிற்சாலையின் உட்புறம் தலைமுறைக்குத் தலைமுறை திருந்தியே வந்தது. ஏன்? தேயிலையில் புகைநாற்றமிருந்தால் இலண்டன் ஏலத்தில் விலை விழும். 1883இல் கொழும்பிலும் ஏலம் தொடங்கிய பின்னர், கோப்பையிலே சுவைத்துப் பார்த்து 'இது குறை' என்று சொல்லும் நாவொன்று எப்பொழுதும் காத்திருந்தது. அந்த நாவுக்கு இயந்திரம் செவிசாய்த்தது.

அதே தோட்டத்தில், அந்தத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், லயம் இருக்கின்றது. கோப்பிக் காலத்தில் உருவான அமைப்பு அது. பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பிரா; முன்னே ஒரு சிறு திண்ணை; பக்கத்துக் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு சுவர். கோப்பி 1869இல் தொடங்கிய இலைநோயால் அழிந்தது, தேயிலை வந்தது. கொம்பனிகள் போயின, 1970களில் அரசு வந்தது, 1992இல் மீண்டும் கொம்பனிகள் வந்தன. தகரம் மாறியது, சில இடங்களிற் கல்லும் சீமெந்தும் வந்தன. ஆனால் காம்பிராவின் அளவு மாறவில்லை. அதனுள் புகை அடைந்தால் தேயிலைக்கு நட்டமில்லையாகையால் எந்த ஏலத்திலும் விலை விழவில்லை. கொழுந்தின் புகைநாற்றத்துக்கு இருந்த முறைப்பாட்டாளன், குழந்தையின் இருமலுக்கு இருக்கவில்லை.

இதிலும் கொடுமையான ஒன்றுண்டு. இயந்திரத்தின் குறை இயந்திரத்தின் கணக்கில் எழுதப்பட்டதென்று கண்டோம். லயத்தின் குறையோ எவருடைய கணக்கில் எழுதப்படுகின்றது? 'இவர்களுக்குச் சுத்தந் தெரியாது', 'இவர்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்க மாட்டார்கள்', 'இவர்கள் குடித்தே அழிவார்கள்'. இவற்றைத் துரைமார் சொன்னார்கள். நகரத்து வணிகர் சொன்னார்கள். ஆசிரியர் அறையிலே எமது வாயாலும் நாம் சொல்லியிருக்கின்றோம். ஒரே குழாயை எத்தனையோ குடும்பங்கள் பகிரும் இடத்தில் சுத்தத்தைப் பற்றிப் பேசுவதும், வட்டு மெதுவாகச் சுழலும் கணினியை வைத்துக்கொண்டு வாங்கியவனின் விரல் மந்தமென்று பேசுவதும் ஒன்றே. முன்னது மாத்திரம் அறிவுரை என்ற பெயரில் உலவுகின்றது.

தோட்டத்தில் எதுவுமே திருந்தவில்லையா? அவ்வாறு சொல்வது வரலாற்றுக்கு மாறானது. கடனுக்குத் தொழிலாளியை அடகுவைத்த 'துண்டு' முறை 1921இல் ஒழிந்தது. குறைந்தபட்சக் கூலிக்கு 1927இற் சட்டம் பிறந்தது. கோ. நடேசய்யர் பத்திரிகையும் பிரசுரமும் சங்கமுமாக மலையெங்கும் அலைந்த காலம் அது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தஞ் செய்த கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானான். அதன்பின்னரே தொழிற்சங்கத்துக்கு இடங்கொடுக்கும் ஒப்பந்தம் பற்றி முதலாளிமார் பேச வந்தார்கள். பல பதின்மங்களாக மறுக்கப்பட்ட குடியுரிமை 2003இல் சட்டத்தால் வழங்கப்பட்டது. தனி வீடுகளும் சிறுகச் சிறுகக் கட்டப்பட்டு வந்திருக்கின்றன. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவற்றுள் எதனையும் காலம் கொண்டுவரவில்லை. சொல்லப்பட்ட குறையும், சொன்னவர்களின் மறுக்கும் வலிமையுமே கொண்டுவந்தன. கணினியை வாங்காது விடுபவன் இழப்பது ஏதுமில்லை. முல்லோயாவில் வேலைக்குச் செல்ல மறுத்தவன் உயிரை இழந்தான். ஒரே திருத்தத்துக்கு இருவர் கொடுக்கும் விலையில் இத்தனை வேற்றுமை.

கூலியையும் கணினியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வெளிவந்தது. அன்று டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 999 டொலர்க் கணினிக்கு ஏறத்தாழ 200 நாள் உழைப்பு வேண்டும். 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாயிற்று. டொலர் அப்பொழுது ஏறத்தாழ 300 ரூபா. அதே கணினிக்கு 222 நாள் உழைப்பு வேண்டியிருந்தது. கூலி மூன்றிலொரு பங்குக்கு மேல் உயர்ந்தது. கணினியோ இன்னும் எட்டத்தில் நகர்ந்தது. ஒருநாட் கூலி என்பதுதான் என்ன? பல தோட்டங்களிற் பதினெட்டுக் கிலோ கொழுந்து நிறுத்துக் காட்டினாலே முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர். தாயொருத்தி உண்ணாமலும் உடுக்காமலும் இரண்டு நூற்றுக்கு மேற்பட்ட முழுப்பேர் போட்டிருந்தால், மகளின் மடியில் அந்த மெல்லிய பொருள் வந்து இருந்திருக்கும். கொரோனாக் காலத்திலே, 2020இலும் 2021இலும், பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி இணையத்துக்கு மாறியபோது, இது வெறுங் கணக்காக இருக்கவில்லை. தகப்பனின் கைபேசியொன்றை மூன்று பிள்ளைகள் பகிர்ந்தார்கள். அலைவரிசை தேடி மலையுச்சிக்கு ஏறினார்கள். அவ்விரண்டாண்டுகளில் வகுப்பைவிட்டு நின்றவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

இவ்விடத்திலே நண்பர்கள் சிலர் ஒரு மறுப்பை எழுப்புவர். "முதற் கணினி விலை கூடியதாகவும் குறை மிகுந்ததாகவும் இருந்தது. அதனை வாங்கியவர்கள் பணத்தையும் பொறுமையையும் இழந்தார்கள். அவ்விழப்பினாலேதான் பின்வந்தவர்களுக்கு மலிவான நல்ல கணினி கிடைத்தது. அவ்வாறே முன்னைய தலைமுறை வருந்தினாலன்றிப் பின்னைய தலைமுறை வாழாது. பொறுங்கள்." இது வலிமையான வாதம். எங்கள் பெற்றோர் எங்களுக்காக வருந்தியதை அறிந்தவர்களுக்கு இவ்வாதம் இனிக்கவுஞ் செய்யும். ஆகையினாலேதான் இதனைக் கவனமாக ஆராயவேண்டும்.

கான்ற் என்னும் ஜெர்மானியத் தத்துவஞானி 1784இல் எழுதிய கட்டுரையொன்றிலே இவ்விடயத்தைத் தொட்டுத் திகைத்து நின்றார். முன்னைய தலைமுறைகள் ஒரு மாளிகைக்கு அத்திவாரமிட்டுப் பாடுபடுகின்றன. அதிற் குடியிருக்கும் பேறோ இறுதித் தலைமுறைக்கே வாய்க்கின்றது. இது விசித்திரமாயிருக்கின்றது என்பது அவரது கருத்து. அடுத்த ஆண்டிலேயே அவர், மனிதன் எவனையும் வெறுங் கருவியாகக் கொள்ளாது முடிவான பொருளாகவும் கொள்ளவேண்டுமென்ற அறக்கொள்கையை வகுத்தார். இவ்விரண்டு கருத்துகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மனிதன் கருவியல்லனாயின், ஒரு தலைமுறை முழுவதையும் வேறொரு தலைமுறையின் அத்திவாரமாக எவ்வாறு புதைக்கலாம்?

முதற் கணினி ஒரு முன்வரைவு. அடுத்தது வந்ததும் அதனைத் தூக்கி எறியலாம், அதற்கு வலியில்லை. அதனை வாங்கியவனும் தானே விரும்பி வாங்கினான். மனிதத் தலைமுறையோ எதன் முன்வரைவுமன்று. 2020இல் மலையுச்சியில் நின்ற பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதினாறு வயது ஒரே தடவைதான் வந்தது. பின்னர் வரும் பிள்ளைகள் அனைவருக்கும் கணினி கிடைத்தாலும், அவளுக்குக் கிடைக்காதது கிடைக்காததுதான். வருங்காலம் அக்கடனை அவளுக்குத் திருப்பிச் செலுத்த இயலாது. எங்கள் தாய்மார் வருந்தியது அவர்களது அன்பு. அன்பினால் ஒருத்தி தானே சுமந்த சுமையை, அவள்மீது சுமத்தியவன் தன் திட்டமென்று உரிமை கொண்டாட முடியாது. கான்ற் சொன்ன மாளிகையிலாவது இறுதித் தலைமுறை குடியிருக்கின்றது. மலையகத்தின் நிலை அதனினும் விசித்திரம். ஐந்து, ஆறு தலைமுறைகள் பாடுபட்டுக் கட்டிய மாளிகையில் இறுதித் தலைமுறையும் குடிபோகவில்லை. அதில் வேறெவரோ இருக்கின்றார்கள்.

இவ்வாதத்தை முதலாளிகள் மாத்திரம் கையாண்டார்களென்று நாம் மகிழவுங் கூடாது. 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை, இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, பின்னர் தீர்மானிக்க 150,000 என்று பண்டகசாலைக் கணக்குப்போற் பிரித்தார்கள். அம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை. அன்றைய அமைச்சரவையிலே, சில மாதங்களுக்கு முன்னர் அதனுடன் இணைந்த சமசமாஜக் கட்சியும் இருந்தது. 1948இல் அம்மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது நாடாளுமன்றத்தில் எதிர்த்துக் குரல்கொடுத்த அதே கட்சி அது. நாளைய சமதர்மத்துக்காக இன்றைய மனிதனைச் சற்றே விட்டுக்கொடுக்கலாமென்ற எண்ணம் இடதுசாரி இயக்கத்துக்குள்ளும் புகுமென்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இயக்கத்தைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. வரலாற்றின் பெயரால் பொறுமையை உபதேசிப்பவன் எந்தக் கட்சிக்காரனாயினும், அவன் பொறுத்துக்கொள்ளச் சொல்வது பெரும்பாலும் வேறொருவரின் துன்பத்தையே என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படியானால் முன்னேற்றத்தை வெறுப்பதா? அம் மெல்லிய கணினி எங்கள் வகுப்பில் எத்தனை குறையோடு இருந்தாலும், அதன்மூலம் என் மாணவர்கள் சிலர் முதன்முறையாக ஓர் அகராதியைத் திரையில் விரித்துப் பார்த்தார்கள். அதனை இழக்க நான் ஒருப்படேன். கணினியைச் செய்த பொறியியலாளர் எமது பகைவருமல்லர். பன்னிரண்டாண்டுகளில் ஒரு பொருளை இத்துணை திருத்த முடியுமென்று காட்டியதே அவர்கள் எமக்களித்த பாடம். 'லயத்தை ஒரேயடியாக மாற்ற முடியாது, அது காலகாலமாக உள்ளது' என்று சொல்பவருக்கு அந்தக் கணினியையே சான்றாகக் காட்டலாம். மனித அறிவுக்கு ஒரு மில்லிமீற்றரை எங்கே குறைப்பதென்று தேடி உழைக்க நேரமிருந்தது. ஒரு காம்பிராவை நான்கடி அகலமாக்க அறிவு போதாமலா போயிற்று?

எமது தொழிலாகிய கற்பித்தலிலே இதற்கு ஒரு சிறு கடமை உண்டு. குறையை உரிய கணக்கில் எழுதக் கற்பிப்பதே அது. அந்த மாணவி வினாவெழுப்பிய வாரத்தில், கணினிகளைப் பற்றி எழுதுவோர் குறைகளை வரிசைப்படுத்துவதைப்போல, நீங்கள் படிக்கும் இடத்தின் குறைகளை வரிசைப்படுத்தி எழுதுங்களென்று கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். பெரும்பாலோர் தம்மைப்பற்றியே எழுதிக் கொண்டுவந்தார்கள். 'எனக்குக் கவனம் போதாது', 'எனக்கு ஞாபகசக்தி குறைவு', 'நான் சோம்பேறி'. இடத்தைப்பற்றி எழுதச் சொன்னால் பிள்ளைகள் தங்கள்மீதே குற்றப்பத்திரிகை எழுதியிருந்தார்கள். அதனை அவர்கள் எங்கே கற்றார்களென்பது எனக்குத் தெரியும். எங்களிடந்தான் கற்றார்கள்.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்து, மீண்டும் எழுதச் சொன்னேன். அந்த மாணவி முதலில் எழுதியிருந்தது, 'இரவில் நான் படிப்பதில்லை' என்பது. இரண்டாம் முறை அவள் எழுதியது இது: 'எங்கள் காம்பிராவில் ஒரு விளக்கு இருக்கின்றது. அம்மா அதிகாலையில் எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போகவேண்டும். ஆகையால் ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கின்றோம். இன்னொரு அறை இருந்தால் நான் படிப்பேன்.'

அவளுடைய வினாவுக்கு என்னிடம் அன்று விடையிருக்கவில்லை. அவளுடைய குடும்பம் தோட்டத்துக்கு வந்து ஐந்தாந் தலைமுறையென்று பின்னர் அறிந்தேன். அவ்வெண்ணைச் சொல்வதால் வினா தீர்ந்துவிடாது. அவள் ஐந்தாவது திருத்தப் பதிப்பல்லள், ஆறாவதற்கான முன்வரைவுமல்லள். அவளுக்கு வேண்டியது இன்னொரு அறை. அதுவும் அவள் உயர்தரப் பரீட்சை எழுதுவதற்கு முன்னர் வேண்டும். அந்த நான்கு வாக்கியங்களிற் பிழை எதுவும் இல்லையென்று அடியிற் குறித்து, கொப்பியை அவளிடம் கொடுத்தேன். அவற்றை மனுவாக எழுதிக் கையொப்பங்களோடு உரிய இடத்துக்கு அனுப்புவது எப்படியென்பது எமது அடுத்த பாடம்.